நின்று தின்ற ரொட்டி

சுலபம் என்ற சொல்லை எங்கள் அட்லஸ் மலையில் யாரும் பாராட்டாக எடுத்துக்கொள்வதில்லை. அதனால்தான், மாகாண அலுவலகத்திலிருந்து வந்த தாளை ஊர்க் கூட்டத்தில் விரித்து வைத்து, "நம்ம ஏரியைச் சுத்திப் போற பாதையைச் சுலபமான நடைபாதைன்னு பட்டியல்ல சேர்க்கப் போறாங்க" என்று ரப்ஹா சொன்னதும் பாதிப் பேருக்கு முகம் கோணிவிட்டது.

"எது சுலபம்? ஜனவரி மாசம் வரச் சொல்லு. இடுப்பளவு பனியில நடந்துட்டு அப்புறம் எழுதட்டும்" என்றார் ஒருவர்.

"எங்கப்பன் இந்தப் பாதையில ஓநாயை விரட்டியிருக்கான். அதைப் போய்ச் சுலபம்னு எழுதுவாங்களாம்" என்றார் இன்னொருவர். அவருடைய அப்பா விரட்டியது பக்கத்து வீட்டு நாயை. அது எனக்குத் தெரியும். ஆனாலும் நானும் தலையாட்டினேன்.

ரப்ஹா என் தம்பி மகள். ஊர்ப் பள்ளிக்கூட ஆசிரியை. நடைபாதைச் சங்கத்தை ஆரம்பித்ததும் அவள்தான். கூச்சல் அடங்கும்வரை காத்திருந்துவிட்டுச் சொன்னாள்.

"சுலபம்னா கேவலம் இல்ல. கைக்குழந்தைக்காரி வரலாம், வயசானவங்க வரலாம், யாரும் விழாம வீடு போய்ச் சேரலாம்னு அர்த்தம். பட்டியல்ல பேரு வந்தா பெரிய ரோட்டுல அம்புக்குறி வைப்பாங்க. இப்ப எல்லாரும் நம்மளைத் தாண்டித்தானே போறாங்க, கார் நிறுத்த சிமெண்டு போட்ட அந்த ஏரிக்கு?"

ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தக் கார்களை நாங்கள் எல்லோரும்தான் பார்த்துக்கொண்டிருக்கிறோம். எங்கள் ஆடுகளைப் பார்த்து ஹாரன் அடிப்பார்கள், போய்விடுவார்கள். இப்படி ஒரு ஏரி இங்கே இருக்கிறது என்று திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

எங்கள் ஏரிக்கு இரண்டு கரை, இரண்டு ஊர். மலை நிழல் விழும் கரையில் இருப்பது அமாலு. அது என் ஊர். எதிரே வெயில் விழும் கரையில் இருப்பது அஸம்மர்; அது என் மனைவி இஸ்ஸா பிறந்த ஊர். எங்களுக்குப் புல் அதிகம், அவர்களுக்கு வாய் அதிகம். பெண் கொடுப்போம், பெண் எடுப்போம், சாவுக்குப் போவோம். ஆனால் ஒரு கரை சொல்லும் பழங்கதையை மறு கரை ஒப்புக்கொண்டதாக இன்றுவரை சரித்திரம் கிடையாது.

"இதுல ஒரு நிபந்தனை இருக்கு" என்று ரப்ஹா தாளைத் திருப்பினாள். "கைத்தடி ஊன்றி நடக்கிற ஒருத்தர், அதிகாரி முன்னாடி, பாதை முழுக்க ஒரு சுத்து வரணும். ஏழு கிலோமீட்டர். மூணு மணி நேரத்துக்குள்ள."

கூட்டம் மொத்தமும் என் காலைப் பார்த்தது.

பதினொரு வருடத்துக்கு முன், லாரியில் ஏற்றிய தேவதாரு மரம் ஒன்று சங்கிலி அறுந்து உருண்டு வந்து என் வலது முட்டியில் படுத்துக்கொண்டது. டாக்டர்கள் உள்ளே இரும்புத் தகடு வைத்தார்கள். நிற்பேன், தடியோடு நடப்பேன். உட்கார்ந்தால்தான் வம்பு. முட்டி பூட்டிக்கொள்ளும், அது திறக்க அரைமணி நேரமும் இஸ்ஸாவின் தோளும் வேண்டும். அன்றிலிருந்து மறு கரைக்கு ரோட்டு வழியாக வண்டியில்தான் போய்வருகிறேன். முப்பத்து மூன்று வருடத்துக்கு முன் இஸ்ஸாவைக் கோவேறு கழுதையில் ஏற்றி அழைத்து வந்தது அந்த ஏரிப் பாதையில்தான். அதை முழுதாக மிதித்துப் பதினொரு வருடமாயிற்று.

"நான் நடக்கிறேன்" என்றேன்.

யாரும் கேட்பதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டேன். பரிதாபப்பட்டு யாராவது கேட்டிருந்தால் முடியாது என்றுதான் சொல்லியிருப்பேன். என் குணம் அப்படி.

வீட்டில் இஸ்ஸா ரொட்டி மடித்துக்கொண்டிருந்தாள். அஸம்மர் ரொட்டி எங்கள் ரொட்டி மாதிரி பெரிய வட்டமாக இருக்காது. உள்ளே வெங்காயமும் கொழுப்பும் வைத்து, இரண்டாக மடித்து, ஓரத்தை விரலால் அழுத்தி மூடிவிடுவார்கள். உள்ளங்கை அளவுதான். என் அம்மா உயிரோடு இருந்தவரை அதை 'பாதி ரொட்டி' என்றே கூப்பிட்டாள். "முழு ரொட்டி சுடத் தெரியாத ஊர்லேருந்து பொண்ணு எடுத்துட்டோம்" என்பாள். இஸ்ஸா பதில் பேச மாட்டாள். மறுநாளும் அதையேதான் சுடுவாள்.

"உங்க வாய் மூணு மணி நேரத்துல ஏழு கிலோமீட்டர் போயிடும். காலைக் கேட்டீங்களா?" என்றாள்.

"கேட்டேன். சரின்னுச்சு."

"எங்கிட்ட அது அப்படிச் சொல்லலையே. நேத்து ராத்திரி தைலம் தேய்க்கும்போது வேற என்னமோ சொல்லுச்சு."

ஆனாலும் மறுநாள் காலை, பாதையில் நடந்து பழக என்னோடு அவளும் கிளம்பினாள். அந்த வசந்தம் முழுக்க எங்கள் கரையிலேயே போவதும் வருவதுமாக ஏழு கிலோமீட்டர் நடந்தேன். முதல் வாரம் நான்கு மணி நேரம். மே மாதம் பிறந்தபோது இரண்டு மணி நாற்பது நிமிடம். அதற்குக் கீழே ஒரு நிமிடம்கூட இறங்கவில்லை. மூன்று மணிக்கு இருபது நிமிடம் மிச்சம் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன்.

இதற்குள் ரப்ஹா பாதையோரம் மஞ்சள் பெயிண்டில் அடையாளம் போட்டு, நான்கு இடத்தில் பலகை நட்டுவிட்டாள். ஊற்றுக்குப் பக்கத்தில் ஒன்று, கம்பளி அலசும் பாறைக்கு ஒன்று, நாணல் காட்டுக்கு ஒன்று. மூன்றிலும் அந்தந்த இடத்தின் கதையை அழகாக எழுதியாயிற்று. நான்காவது மட்டும் வெறும் பலகையாகவே நின்றது. அது நின்ற இடம், கற்குவியல்.

பிரெஞ்சுப் படை மலையேறி வந்த வருஷம், ஏரியின் வடமுனையில் இருக்கும் கணவாயை அமாலு ஆண்கள் ஒன்பது நாள் மறித்து நின்றார்கள். பத்தாம் நாள் தோட்டா தீர்ந்தது. அவர்கள் நின்ற இடத்தில் இன்றும் கடந்து போகிற ஒவ்வொருவரும் ஒரு கல் வைக்கிறோம். குவியல் ஆள் உயரத்துக்கு வளர்ந்திருக்கிறது. இதுவரைக்கும் இரண்டு கரைக்கும் தகராறு இல்லை. அந்த ஒன்பது நாளும் அவர்கள் என்ன தின்றார்கள் என்பதில்தான் தகராறு.

அங்கியின் முதுகில் தொங்கும் தலைமூடியில் வறுத்த வாற்கோதுமையைக் கட்டிக்கொண்டு போய் அதையே மென்று நின்றார்கள் என்பது எங்கள் கதை. அஸம்மர்க்காரர்கள் சொல்வது வேறு. அவர்கள் ஊர்ப் பெண்கள் தினமும் ஏரியைச் சுற்றி ரொட்டி சுமந்து போனார்களாம். துப்பாக்கியைக் கீழே வைக்க முடியாததால் எங்கள் ஆண்கள் நின்றபடியே தின்றார்களாம். அந்தக் குவியலுக்கு நாங்கள் வைத்த பெயர் காவல் மேடு. அவர்கள் அதை 'நின்று தின்ற இடம்' என்பார்கள். கேட்கும்போதே எனக்கு உச்சந்தலை சூடாகும். ஒன்பது நாள் நின்றது நாங்கள், பெயர் மட்டும் ரொட்டிக்கா?

இஸ்ஸா கல்யாணமாகி வந்த புதிதில் இந்தக் கதையைச் சொன்னாள். நான் அப்போதே ஒரு கிண்டல் கண்டுபிடித்தேன். "ஒம்பது நாளும் சுடச்சுட ரொட்டியா? கூடவே புதினா டீயும் வந்துச்சா?" ஊரே சிரித்தது. முப்பத்து மூன்று வருடமாக, விருந்து, சந்தை, கல்யாணம், எங்கே அந்தப் பேச்சு வந்தாலும் இதைச் சொல்வேன். எல்லோரும் சிரிப்பார்கள். இஸ்ஸா மட்டும் ஒரு தடவைகூடச் சிரித்ததில்லை.

இஸ்ஸாவின் அண்ணன் இஷ்ஷு, கற்குவியலுக்குப் பக்கத்திலேயே வீடு கட்டிக்கொண்டு இருக்கிறான். செவ்வாய்க்கிழமைச் சந்தையில் என்னைப் பிடித்துக்கொண்டான்.

"நீதான் நடக்கப் போறியாமே மச்சான்?"

"ஏன், உனக்கு வலிக்குதா?"

"எனக்கெதுக்கு வலிக்கணும்? நாணல் காடு வரைக்கும் தாராளமா வந்துடுவ. அதுக்கப்புறம் ஆள் விட்டனுப்பு. எங்கிட்ட கோவேறு கழுதை சும்மாத்தான் நிக்குது. சேணம் பூட்டி வைக்கிறேன்."

சந்தையில் பத்துப் பேர் சிரித்தார்கள். நான் வாங்கிய புதினாக் கட்டைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன்.

நடைக்கு முதல்நாள் இஸ்ஸா, "அண்ணன் வீட்டுல வேலை இருக்கு, போயிட்டு வரேன்" என்று கிளம்பினாள். நாளை நான் நடக்கும்போது நீ இருக்க மாட்டாயா என்று கேட்க நாக்கு வரை வந்தது. கேட்கவில்லை. போகும்போது கதவருகில் நின்று, "நடுவுல எங்கேயும் உக்காந்துடாதீங்க" என்று மட்டும் சொன்னாள்.

அதிகாரி காலை ஒன்பது மணிக்கு ஊற்றடிக்கு வந்து சேர்ந்தாள். நஜ்வா என்று பெயர்; முப்பத்தைந்து வயது இருக்கும், கெட்டியான பூட்ஸ், கழுத்தில் ஒரு கடிகாரம். முந்தின வாரமே ரப்ஹா வீடு வீடாகப் போய்ச் சத்தியம் வாங்கியிருந்தாள். அதிகாரியை யாரும் உள்ளே கூப்பிடக் கூடாது. டீ கிடையாது, ரொட்டி கிடையாது, கம்பளம் விரிப்பது கிடையவே கிடையாது. எல்லோரும் சத்தியம் செய்தார்கள். மற்ற வீட்டுக்காரர்கள் அதைக் காப்பாற்றுவார்கள், நாம் மட்டும் ஒரு வாய் டீ கொடுத்தால் என்ன என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டே செய்த சத்தியம் அது.

முதல் வீட்டில் கம்பளத்தைப் பாதையிலேயே விரித்து வைத்திருந்தார்கள். தாண்டிப் போக வேண்டுமென்றால் மிதித்துத்தான் போக வேண்டும்.

"வேணாங்க, நேரம் ஓடிக்கிட்டிருக்கு" என்றாள் நஜ்வா.

"நேரம் எங்கம்மா போகப் போகுது? இங்கதான் இருக்கும். உக்காரும்மா" என்று கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டார்கள்.

நிற்கும் ஆளுக்கு ரொட்டி நீட்டுவது எங்களிடம் இல்லை. அது வாசலில் வந்து கை ஏந்துகிறவனுக்கு. விருந்தாளி என்றால் உட்கார வேண்டும், டீ மூன்று தடவை ஊற்ற வேண்டும், ரொட்டியைப் பிட்டு அவர் பக்கம் தள்ள வேண்டும். நான் சொந்த ஊர்க்காரன், என் கால் கதை அவர்களுக்குத் தெரியும். அதனால் என்னை வால்நட் மரத்தில் சாய்ந்து நிற்க விட்டார்கள். பதினைந்து நிமிடம் போயிற்று.

நஜ்வா வாயைத் துடைத்துக்கொண்டே எழுந்து வந்து, "கடிகாரத்தை நிறுத்தியிருக்கலாம் ஐயா. இது உங்க தப்பு இல்லையே. இந்தப் பதினஞ்சு நிமிஷத்தைக் கழிச்சுக்கறேன்" என்றாள்.

நல்ல மனசு. ஆமாம் என்று சொல்லியிருக்க வேண்டியதுதான். ஆனால் அவள் என் காலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"ஒண்ணும் கழிக்க வேணாம். நான் நின்ன நேரமும் நடந்த நேரந்தான். அதையும் சேத்து மூணு மணி நேரத்துல முடிச்சுக் காட்டறேன்" என்றேன்.

ரப்ஹா பின்னாலிருந்து என் முழங்கையைக் கிள்ளினாள். "பெரியப்பா, உங்க வாய்க்கு ஒரு தகடு வச்சிருக்கலாம் அந்த டாக்டர்" என்று காதில் சொன்னாள்.

அடுத்த வீட்டில் இன்னொரு பத்து நிமிடம். வெண்ணெய், தேன், அவித்த முட்டை. மூன்றாவது என் வீடு. நல்லவேளை, பூட்டிக் கிடந்தது. ஆக இருபத்தைந்து நிமிடம் காலி. என்னிடம் மிச்சம் இருந்ததோ இருபது. எங்கும் நிற்காமல் போனாலும் ஐந்து நிமிடம் தோற்றுப்போவேன் என்பது அங்கேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

நாணல் காட்டில் தரை மெத்தென்று இருந்தது, முட்டிக்குச் சுகம். ஏரியின் நாமக்கோழிகள் குஞ்சுகளோடு வழியை அடைத்துக்கொண்டு நின்றன. அவற்றுக்காவது டீ கொடுக்கும் பழக்கம் இல்லை. நஜ்வா மூன்றாவது பலகையைப் படித்தாள். பனிக்காலத்தில் இரண்டு ஊர் ஆடுகளும் கலந்துவிட, எது யாருடையது என்று பிரிக்க மூன்று நாள் ஆன கதை. சிரித்தாள். பிறகு நின்று ஏரியைப் பார்த்தாள். தேவதாருக் காடு தலைகீழாகத் தண்ணீருக்குள் இருந்தது.

"இவ்வளவு நாளா இந்த ரோட்டுலதான் போய்வந்துக்கிட்டு இருக்கேன். இது இங்க இருக்குன்னே தெரியாது" என்றாள்.

எனக்கு நெஞ்சு விம்மிவிட்டது. என்னவோ அந்த ஏரியை நானே தோண்டி, நானே தண்ணீர் ஊற்றி நிரப்பிய மாதிரி இருந்தது. அந்தச் சந்தோஷத்தில் நிமிர்ந்து பார்த்தபோதுதான், தூரத்தில் கற்குவியலுக்குப் பக்கத்தில் அது கண்ணில் பட்டது. இஷ்ஷுவின் கோவேறு கழுதை. சேணம் பூட்டி, தயாராக நின்றது.

வந்த கோபத்தில் ஏரியையே குடித்திருப்பேன். என்னைத் தூக்கிப்போட மிருகம் கட்டி வைத்திருக்கிறான், அதுவும் மாகாணத்து ஆள் முன்னால். கையில் தடி வேகமாக விழ ஆரம்பித்தது. "மெதுவா, பெரியப்பா" என்று ரப்ஹா ஓடி வந்தாள். நான் கேட்கவில்லை. அந்த ஒரு கிலோமீட்டரை நான் அந்த வசந்தத்தில் ஒருநாளும் நடக்காத வேகத்தில் நடந்தேன்.

அஸம்மரில் முதல் வீடு. கதவு சாத்தியிருந்தது. இரண்டாவது, சாத்தியிருந்தது. மூன்றாவதில் புகைகூட வரவில்லை. ரப்ஹாவுக்கு நிம்மதி. "பாத்தீங்களா, இவங்கதான் சத்தியத்தைக் காப்பாத்தறாங்க."

"சத்தியமா இது? அமாலுக்காரன் பாதையில வர்றான், கதவைச் சாத்திட்டாங்க. ஒரு வாய்த் தண்ணி வேணுமான்னு கேக்க நாதியில்ல" என்றேன்.

"கேட்டா நேரம் போச்சுன்னு கத்துவீங்க. கேக்கலைன்னா மரியாதை போச்சுன்னு கத்துறீங்க."

அவள் சொன்னது நியாயம்தான். ஆனால் என் மனம் அதற்குள் இஷ்ஷுவின் வீட்டுக்குப் போய்விட்டது. மற்ற வீட்டைத் தாண்டலாம். மனைவியின் அண்ணன் வீட்டை எப்படித் தாண்டுவது? அவன் கம்பளம் விரித்து உட்கார் என்பான். உட்காராமல் போனால் இஸ்ஸா தன் பிறந்த ஊரில் இனி தலை நிமிர முடியாது. வீட்டு வாசலில் கொடுத்த ரொட்டியைத் தொடாமல் போனவனின் மனைவி என்பார்கள். உட்கார்ந்தால் முட்டி பூட்டிக்கொள்ளும், அரைமணி நேரம் போகும், அவனுடைய கழுதையில்தான் ஏற வேண்டும். பட்டியலில் பெயர் வராது. கார்கள் ஹாரன் அடித்துக்கொண்டே போகும்.

கற்குவியலுக்கு இருநூறு அடி இருக்கும்போது முடிவு செய்தேன். உட்கார்ந்துவிடுவது. என் மானம் போனால் சந்தையில் ஒரு மாதம் சிரிப்பார்கள். இஸ்ஸாவின் மானம் போனால் அவள் சொல்லவே மாட்டாள், உள்ளேயே வைத்துக்கொள்வாள். அவள் ஏற்கெனவே நிறைய வைத்திருக்கிறாள் என்று ஏனோ அப்போது தோன்றியது.

பாறையைச் சுற்றிப் பாதை திரும்பியது. நான் நின்றுவிட்டேன்.

கம்பளம் இல்லை. டீத் தட்டு இல்லை. பாதையின் ஒரு ஓரமாக, குவியலில் தொடங்கி தேவதாருச் சரிவு ஏறும் இடம் வரை, அஸம்மர்ப் பெண்கள் வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள். நாற்பது பேர் இருப்பார்கள். கதவு சாத்தியிருந்த வீட்டுப் பெண்கள் எல்லாம் இங்கேதான் இருந்தார்கள். கோவேறு கழுதையின் இரண்டு பக்கக் கூடையிலும் கம்பளிப் போர்வை சுற்றியிருந்தது; அதிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது. வரிசையின் முதல் ஆளாக, மோர்ச் சட்டியோடு இஷ்ஷு நின்றான்.

"உக்காராதே மச்சான்" என்றான். "இந்த ஊர்லேயே ஒரே ஒரு இடத்துலதான் நின்னு தின்னா மரியாதைக் குறைச்சல் இல்ல. அது இதுதான். நின்னு தின்னு. நடந்துக்கிட்டே தின்னாலும் சரி."

"கழுதை?"

"ரொட்டிக்குய்யா. நீ அத்தனை பெரிய ஆளா, உனக்குச் சேணம் பூட்ட?"

பெண்கள் சிரித்தார்கள். நஜ்வா கடிகாரத்தைப் பார்த்தாள். இஷ்ஷு சட்டியைக் கீழே வைத்துவிட்டு, குனிந்து இரண்டு கல் எடுத்தான். ஒன்றை என் கையில் வைத்தான். எனக்குக் குனிய வராது என்பது அவனுக்குத் தெரியும். இரண்டு பேரும் குவியலில் வைத்தோம்.

இரண்டாவதாக நின்றவள் இஸ்ஸா. அவள் கையில் ரொட்டி. அந்தப் பாதி ரொட்டி. அதைத் தின்றால் என்ன அர்த்தம் என்பது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். அமாலுக்காரன் ஒருவன், அதுவும் முப்பத்து மூன்று வருடம் கிண்டல் பண்ணியவன், அஸம்மர் பெண் கையால் வாங்கி அந்த இடத்தில் நின்று தின்கிறான் என்றால், அவர்கள் கதையையும் சேர்த்து விழுங்குகிறான் என்று அர்த்தம்.

"பிஸ்மில்லா சொல்லி வாங்குங்க. ஆறிடப் போகுது" என்றாள்.

வலது கையில் தடி. இடது கையால் வாங்கினேன். வலது கையால்தான் தின்ன வேண்டும் என்று மதம் சொல்கிறது. கடவுள் என் தடியைப் பார்த்திருப்பார். ஒரு கடி கடித்தேன். கொழுப்பு ஒழுகவில்லை. வெங்காயம் சிந்தவில்லை. பிட்டுத் தர இன்னொரு கை தேவைப்படவில்லை. ஓரம் அழுத்தி மூடிய ரொட்டி, ஒரு கைக்கு அளவாக உட்கார்ந்திருந்தது.

வாயில் ரொட்டியோடு அவளைப் பார்த்தேன். நான் கேட்காத கேள்விக்கு அவள் பதில் சொன்னாள்.

"ஒரு கையில துப்பாக்கி. ரொட்டிக்கு ஒரு கைதான் மிச்சம். அதுக்காக மாத்தினதுதான் இது. அப்புறம் எங்க ஊருல யாரும் பழைய மாதிரி சுடல."

முப்பத்து மூன்று வருடம் அதைத் தின்றிருக்கிறேன். மூன்று வேளையும். ஏன் இப்படி மடிக்கிறாய் என்று ஒருநாள் கேட்டதில்லை. சாட்சியைத் தட்டிலேயே வைத்துக்கொண்டு, சாட்சி எங்கே என்று சந்தையில் கத்தியிருக்கிறேன். வெட்கமாக இருந்தது. ஆனால் வெட்கத்தைவிடப் பெருமைதான் அதிகமாக இருந்தது. பனிக்காற்றில் ஒன்பது நாள் நின்றவர்களும் எங்கள் ஆட்கள். ஏரியைச் சுற்றிச் சுமந்து வந்தவர்களும் எங்கள் ஆட்கள்தான். இத்தனை நாள் பாதிப் பெருமையை மட்டும் வைத்துக்கொண்டு முழுசாகத் திரிந்திருக்கிறேன்.

"நடங்க" என்றாள் இஸ்ஸா.

நடந்தேன். அவள் என்னோடு நடந்தாள். அடுத்தவள் மோர் நீட்டினாள்; இரண்டு மடக்கு. அதற்கு அடுத்தவள் ரொட்டி. யாரும் என் வேகத்தைக் குறைக்கவில்லை. நான்கு அடி கூடவே நடந்து, கொடுத்து, விலகி, அடுத்தவளுக்கு வழி விட்டார்கள். நஜ்வாவும் ஒரு கையில் ரொட்டியும் ஒரு கையில் பேனாவுமாக நடந்துகொண்டிருந்தாள். வரிசை முடிந்த இடத்தில் கடைசிப் பெண் என் அங்கியின் தலைமூடிக்குள் இரண்டு ரொட்டியைப் போட்டு, "வழிக்கு" என்றாள்.

தேவதாருச் சரிவைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். ஏறும்போது கடவுளை நினைத்தேன், இறங்கும்போது அந்த டாக்டரைத் திட்டினேன். குரங்கு ஒன்று என் தலைமூடியிலிருந்து ஒரு ரொட்டியைத் திருடிக்கொண்டு போயிற்று. அதுவும் மரத்தில் நின்றபடியே, ஒரு கையால்தான் தின்றது. பின்னால் இஷ்ஷு கழுதையோடு வந்துகொண்டிருந்தான். என் மூச்சு இரைத்த போதெல்லாம், "ஏறிக்கிறியா மச்சான்?" என்று கேட்டான். அந்தக் கேள்விதான் என்னை ஒவ்வொரு தடவையும் இன்னும் நூறு அடி தள்ளியது. அவனுக்கும் அது தெரியும்.

ஊற்றடியில் அமாலு மொத்தமும் கூடியிருந்தது. கம்பளம் விரித்த இரண்டு வீட்டுக்காரர்களும் முன்னால் நின்று யாரையும் நேராகப் பார்க்காமல் இருந்தார்கள். நான் ஊற்றுக் கல்லைத் தடியால் தட்டினேன். நஜ்வா கடிகாரத்தை அமுக்கினாள்.

"ரெண்டு மணி அம்பத்தெட்டு நிமிஷம்."

அவள் தாளில் 'சுலபம்' என்று எழுதினாள். அந்தச் சொல்லுக்கு எங்கள் ஊர் கைதட்டியது அதுதான் முதல் தடவை. ஓநாய்க்காரர் மகன்தான் எல்லோரையும்விட அதிகமாகத் தட்டினார்.

அதற்கப்புறம் உட்கார்ந்தேன். முட்டி டக்கென்று பூட்டிக்கொண்டது. இனி யார் என்ன செய்தாலும் அரைமணி நேரம் எழ முடியாது. எழ வேண்டியதும் இல்லை. ரப்ஹா பெயிண்ட் டப்பாவோடு வந்து பக்கத்தில் குந்தினாள்.

"பெரியப்பா, நாலாவது பலகை?"

அமாலு முழுக்க என்னைப் பார்த்தது. கழுதையின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு இஷ்ஷுவும் பார்த்தான்.

"எழுது" என்றேன். "பேரு, நின்று தின்ற இடம். அதுக்குக் கீழ, அமாலு ஆண்கள் ஒம்பது நாள் இங்க நின்னாங்க. அஸம்மர்ப் பெண்கள் ஒம்பது நாளும் ரொட்டி சுமந்து வந்ததாலதான் நின்னாங்க."

"வறுத்த வாற்கோதுமை என்னாச்சு?" என்றார் கூட்டத்திலிருந்த ஓநாய்க்காரர் மகன்.

"அது உங்கப்பன் ஓநாயைத் தேடிப் போன கதை. வேற பலகையில எழுதிக்க" என்றேன்.

இஷ்ஷு கழுதையின் கழுத்தைத் தடவிக்கொடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

இஸ்ஸா என் எதிரே, இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். "ஒண்ணு விட்டுட்டீங்களே. கூடவே புதினா டீயும் வந்துச்சான்னு எழுத வேணாமா?"

நான் கொஞ்சம் யோசித்தேன்.

"டீ வரல" என்றேன். "டீக்கு உக்காரணும்."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். தலைத்துணியின் நுனியால் வாயை மூடிக்கொண்டு, தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். முப்பத்து மூன்று வருடம் கழித்து அந்தக் கிண்டலுக்கு அவள் சிரித்தாள். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்; முட்டி திறந்ததும், வழக்கம்போல, நான் எழுவதற்குத் தோளைக் கொடுத்தாள்.